அப்பத்தாவின் 22 பவுன் காசு: கிரேடு போடுவதா, பவுன் கணக்கிலேயே பங்கு பிரிப்பதா?

பள்ளத்தூர்_முகப்பு

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் அப்பத்தா போன வருடம் தவறிவிட்டார்கள். அவர்கள் பெட்டகத்தின் அடித்தட்டில் ஒரு பித்தளைச் சம்புடம், அதற்குள் மஞ்சள் துணியில் முடிந்து 22 பவுன் காசு இருந்தது. மூத்த ஐயா ரங்கூனில் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போயிருந்த காலத்தில் சேர்ந்தது என்று அப்பச்சி (எங்கள் அப்பா) சொல்வார்கள். 15 காசு முன்பு காசுமாலையில் கோத்திருந்தவை, சிலவற்றில் வளையம் அப்படியே இருக்கிறது, சிலவற்றில் வளையத்தை எடுத்த தடம் மட்டும். மீதி 7 காசில் வளையம் எதுவும் இல்லை. அதில் ஒன்று 1918, குதிரைக்குக் கீழே தரைக்கோட்டின் நடுவில் ஆங்கில ‘ஐ’ எழுத்து சின்னதாக இருக்கிறது. இன்னொன்றும் 1918தான், ஆனால் அதில் குதிரை இல்லை, ‘15 ரூபாய்’ என்று போட்டிருக்கிறது.

பங்கு மூன்று: தேவகோட்டையில் ஆச்சி (என் அக்கா), நான், சிங்கப்பூரில் தம்பி. ஆளுக்கு 7, மீதி ஒன்று பிள்ளையார்பட்டிக்கு என்று அப்பச்சி முதலில் பேசிவைத்தார்கள். இந்த நேரத்தில்தான் தம்பி போட்டோ எடுத்துத் தெரிந்தவர் ஒருவருக்கு அனுப்பினான். அவர், குதிரை போட்ட 1918 காசை வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பி கிரேடு, அதாவது காசின் நிலைக்கு ஒரு மதிப்பெண், வாங்கினால் தங்க விலையைப் போலப் பல மடங்கு போகும், 22ஐயும் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். ஆச்சி, பவுன் பவுன்தான், சீட்டுக் குலுக்கிப் போடுங்கள் என்கிறார்கள். அப்படிக் குலுக்கி அந்த ஒரு காசு யாருக்கோ போய், நாளைக்கு அதற்கு மட்டும் பெரிய விலை என்று தெரிந்தால் மனக்கசப்பு வராதா? கிரேடு என்பது நிஜமாகவே விலையை ஏற்றுகிறதா?

வராகன்70

தம்பி, 22ஐயும் அனுப்பாதீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள்.

பழைய தங்கக் காசின் விலையில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று உருக்கு விலை, அது காசில் உள்ள தங்கத்தின் விலை. இன்னொன்று சேகரிப்பவன் அதற்கு மேல் வைக்கும் விலை. சவரன் என்ற பிரிட்டிஷ் பவுன் காசு 7.988 கிராம், 22 கேரட், அதாவது சுத்தத் தங்கம் 7.32 கிராம். நாம் கடையில் 8 கிராமை ஒரு பவுன் என்பதே இந்தக் காசை வைத்து வந்த கணக்குதான். 15 ரூபாய்க் காசும் அதே எடை, அதே மாற்று. ஆக உருக்கு விலையில் உங்கள் 22 காசும் ஏறக்குறைய ஒன்றே. கிரேடு தொடுவது மேல்விலையை மட்டும்தான்.

கிரேடு என்றால் 1 முதல் 70 வரை ஒரு எண். ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949இல் அவர்கள் ஊர்ச் செப்புக் காசுக்காகப் போட்ட அளவு, பிறகு எல்லா நாணயத்துக்கும் வந்துவிட்டது. 60உம் அதற்கு மேலும் வந்தால் கைமாறாத காசு, அதை எம்எஸ் (மின்ட் ஸ்டேட்) என்பார்கள். 50 முதல் 58 வரை லேசாகத் தேய்ந்தது. ஒரே வருடக் காசு, ஒரே தங்கம், 58க்கும் 65க்கும் விலையில் பெரிய வித்தியாசம் வரலாம். ஆனால் அது எந்தக் காசு என்பதைப் பொறுத்தது. விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் சவரன்களில் சாதாரண வருடங்கள் கோடிக்கணக்கில் அச்சடிக்கப்பட்டவை. அதில் 58 வாங்கினாலும் 61 வாங்கினாலும் வாங்குகிறவன் தங்க விலைக்கு மேல் கொஞ்சம்தான் தருவான், அந்தக் கொஞ்சம் கட்டணத்துக்கும் தபாலுக்குமே போய்விடும். 64, 65 என்று வந்தால்தான் ஆட்கள் போட்டி போடுவார்கள். காரணம் தங்கக் காசை மூட்டையில் கட்டி வங்கிக்கு வங்கி தூக்கிப் போட்டிருக்கிறார்கள், தங்கம் மெத்தென்றது, ஒன்றோடொன்று மோதி ராஜா கன்னத்தில் கீறல் இல்லாத காசு கிடைப்பதே கஷ்டம்.

‘ஐ’ என்பது பம்பாய். 1918 ஒரே வருடம்தான் பம்பாயில் பிரிட்டிஷ் சவரன் அடித்தார்கள், ஏறத்தாழ 13 லட்சம். ஒரே வருடம் என்பதால் தேடுகிறவர்கள் உண்டு. அதற்காக அபூர்வம் என்று நினைக்காதீர்கள், நம் நாட்டிலேயே நிறைய வீடுகளில் இருக்கிறது. நல்ல நிலையில் இருப்பதுதான் குறைவு. உங்கள் காசு எப்படி இருக்கிறது? ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் போட்டோ போடுங்கள்.

உரைகல்

நாங்கள் மூன்று தலைமுறையாகக் காரைக்குடியில் பத்தர் வேலை செய்கிறோம். வளையம் வைத்த 15 காசைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வளையம் எப்படிப் பற்றவைப்போம் தெரியுமா? காசின் விளிம்பில் ஒரு இடத்தை அரத்தால் லேசாக ராவுவோம், வெங்காரம் தடவுவோம், பற்றவைக்கும் பொடி வைத்து ஊதுகுழலால் தீயைக் குறிபார்த்து அடிப்போம். அந்தச் சூட்டில் காசின் அந்தப் பக்கத்து மேல்தோல் ஒரு கணம் இளகி அடங்கும். விளிம்பில் இருக்கும் வரிவரியான வெட்டு அந்த இடத்தில் அழிந்துபோகும். பிறகு வளையத்தை எடுத்து, ராவி, பாலிஷ் போட்டு, எங்கே இருந்தது என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியாதபடி செய்துவிடலாம். ஆனால் லென்ஸ் வைத்துப் பார்க்கிறவனுக்கு ஒரு நிமிடத்தில் தெரியும். அந்தக் கம்பெனிகள் அப்படிப்பட்ட காசுக்கு எண்ணே போடுவதில்லை, ‘டீடெயில்ஸ்’ என்று எழுதி ‘வளையம் நீக்கப்பட்டது’ என்று காரணமும் சேர்த்து உறைபோட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அதற்குப் பணம் கட்டுவது வீண்.

இன்னொன்று. மாலையில் கிடந்த காசு ஒன்றையொன்று உரசும், கழுத்தில் உரசும், புடவையில் உரசும். முதலில் தேய்வது ராஜாவின் புருவமும் கன்னமும், மறுபக்கம் வீரனின் நெஞ்சும் குதிரையின் தோளும். வெள்ளைக்காரன் காலத்திலேயே 7.938 கிராமுக்குக் கீழே போன சவரன் செலாவணிக்கு ஆகாது என்று விதி. அவர்களும் தராசில்தான் நம்பிக்கை வைத்தார்கள். உங்கள் 15 காசையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள், வளையத்தின் எடை தனி என்பதை மறந்துவிடாதீர்கள்.

கோட்டையூர்_மருமகள்

படித்ததும் மனசு கனத்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

கல்யாணத்தில் எங்கள் ஆயா எனக்குக் கொடுத்த ஒரே ஒரு காசு, விக்டோரியா கிழவி முக்காடு போட்ட படம், 1890களில் ஒரு வருடம். வளையம் வைக்காதது, ஆயா காலத்திலிருந்து ஒரு வெல்வெட் டப்பாவில் இருந்தது. தீபாவளிக்கு நகையெல்லாம் கழுவும்போது இதையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தேன். தகதகவென்று ஆகிவிட்டது, எனக்கு ஒரே சந்தோஷம். பல வருடம் கழித்து மதுரையில் ஒருவரிடம் காட்டினபோது அவர் குண்டு பல்பு வெளிச்சத்தில் காசை மெல்லச் சாய்த்து என்னையும் பார்க்கச் சொன்னார். தலைமுடி மாதிரி நூற்றுக்கணக்கான கோடுகள், எல்லாம் ஒரே பக்கமாக, பிரஷ் போன வழியில். “அம்மா, இது தொடாமல் இருந்திருந்தால் நல்ல கிரேடு வந்திருக்கும், இப்போது தங்க விலைதான்” என்றார்.

நகையைக் கழுவுவது நம் வீட்டுப் பழக்கம், காசும் நகை மாதிரிதானே என்றுதான் செய்தேன். தயவுசெய்து யாரும் பழைய காசைத் தேய்க்காதீர்கள். புளி, பல்பொடி, சாம்பல் எதுவும் வேண்டாம். துணியால்கூட வேண்டாம்.

சிங்கை_காரைக்குடியான்

உங்கள் தம்பி மாதிரி நானும் சிங்கப்பூரில்தான். உறைபோட்ட காசுகளை 8 வருடமாக வாங்கி விற்கிறேன். உலகம் முழுக்க எடுபடுவது இரண்டு பெயர்தான்: 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் தொடங்கிய என்ஜிசி, இரண்டும் கிரேடு போடும் அமெரிக்கக் கம்பெனிகள். காசை விற்கிறவனும் இல்லாமல் வாங்குகிறவனும் இல்லாமல் மூன்றாம் ஆள் சொல்லுகிற வார்த்தை என்பதற்குத்தான் அங்கே விலை. கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் ஒரு எண் இருக்கும், அதை அவர்கள் தளத்தில் போட்டால் காசின் விவரம் வரும், பெரும்பாலும் போட்டோவும் வரும். அதே வருடம் அதே கிரேடு இதுவரை எத்தனை காசுக்குக் கொடுத்தோம் என்ற கணக்கும் போடுவார்கள். 63 வாங்கியது நூற்றுக்கணக்கில் இருந்து 65 வாங்கியது கைவிரலில் எண்ணும் அளவுக்கு இருந்தால், அந்த இரண்டு புள்ளிக்கு நடுவில்தான் விலை எகிறும். போலி உறைகளும் வந்துவிட்டன, அதனால் எண்ணோடு போட்டோவையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

சில கடைக்காரர்கள் தாங்களே ஒரு அட்டையில் ‘அசல், உயர்தரம்’ என்று அச்சடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். விற்கிறவனே கொடுக்கும் சான்றிதழை வேறு யாரும் மதிக்க மாட்டார்கள். ஹால்மார்க்கையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹால்மார்க் தங்கத்தின் மாற்றைச் சொல்கிறது, காசின் நிலையைச் சொல்வதில்லை. பழைய காசில் போய் யாரும் முத்திரை குத்த விடாதீர்கள்.

1918ஐ மட்டும் தம்பி அடுத்த முறை வரும்போது பையில் போட்டு இங்கே எடுத்துவரச் சொல்லுங்கள், இங்கிருந்து அனுப்புவது சுலபம்.

தேவகோட்டை_வக்கீல்

கடைசி வரியைத் தயவுசெய்து யாரும் பின்பற்றாதீர்கள்.

1972ஆம் வருடத் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டத்தில் நாணயமும் தொல்பொருள்தான், 100 வருடம் ஆகியிருந்தால் போதும். 1918 காசு 2018லேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. விக்டோரியா, எட்வர்டு காசுகளைச் சொல்லவே வேண்டாம். தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்ப மத்திய அரசுக்கும் அது அனுமதித்த அமைப்புக்கும்தான் உரிமை, தனியாள் கொண்டுபோனால் 6 மாதத்திலிருந்து 3 வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. கிரேடு வாங்கித் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்பது பதிலாகாது. பையில் போட்டு விமானம் ஏறுவதும் ஏற்றுமதிதான். அப்பத்தாவின் ஒரு காசுக்காகத் தம்பி விமான நிலையத்தில் நிற்க வேண்டாம்.

வீட்டில் வைத்துக்கொள்ளலாம், நாட்டுக்குள்ளேயே முறைப்படி நடக்கும் ஏலத்தில் விற்கலாம். அதில் தடையில்லை.

சிங்கை_காரைக்குடியான்

ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள், நான் வாங்குவதெல்லாம் வெளியிலேயே உறைபோட்டது என்பதால் இந்தப் பக்கத்தை யோசிக்கவில்லை. பள்ளத்தூர்க்காரரே, நான் சொன்னதை விட்டுவிடுங்கள்.

பள்ளத்தூர்_முகப்பு

வக்கீல் ஐயாவுக்கு ரொம்ப நன்றி, தம்பியிடம் இன்று ராத்திரியே சொல்லிவிட்டேன். அவனும் பயந்துவிட்டான்.

அப்படியானால் இங்கேயே விற்றால் கிரேடு இல்லாமல் நல்ல விலை வருமா? அசல்தானா என்று எப்படி நம்புவார்கள்?

வராகன்70

வரும். நம் நாட்டு ஏலங்களில் உறையில்லாத காசுகள் எத்தனையோ போகின்றன. ஏலக்காரர்கள் தாங்களே பார்த்து நிலையை எழுதுவார்கள், பெரிய போட்டோ போடுவார்கள், கேட்பவர்கள் தங்கள் கண்ணால் கிரேடு போட்டுக்கொள்வார்கள். எண் ஒட்டிய காசுக்குக் கிடைக்கும் உச்ச விலை வராமல் போகலாம், ஆனால் வளையமில்லாத, தேய்க்காத 1918க்கு தங்க விலைக்கு மேல் கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வாங்கினவன் தேடுவது இரண்டு கேள்விக்குப் பதில்தான்: அசலா, யாராவது தொட்டார்களா? கிரேடு அந்தக் கேள்விக்கு ஒரு சுருக்கமான பதில். பதிலை வேறு வழியிலும் கொடுக்கலாம்.

அசலா என்பதை நீங்களே பாதி பார்த்துவிடலாம். சவரனில் போலி ஏராளம், 1950, 60களில் பெய்ரூட் பக்கமெல்லாம் அடித்துத் தள்ளினார்கள், அதில் நிறைய நல்ல தங்கத்திலேயே அடித்தது. மாற்றுக் குறைந்த போலியை மட்டும் பிடிக்க ஒரு வழி: நகைக்கடைத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து பூஜ்ஜியம் ஆக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். 22 கேரட் சவரனுக்கு 17.5க்கு மேல் வர வேண்டும், அதாவது தராசு 0.45 காட்டும். குறுக்களவு 22.05 மிமீ, கனம் ஒன்றரை மிமீ.

‘ஐ’ எழுத்துக் காசில் ராஜா முகத்தையும் பாருங்கள். 2013 முதல் இந்தியாவிலேயே லைசென்ஸ் வாங்கி அடித்த புதுச் சவரனிலும் ‘ஐ’ உண்டு, அதில் எலிசபெத் ராணி இருப்பார். அதற்கு 1918 விலை கேட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளத்தூர்_முகப்பு

நேற்று ஞாயிறு, ஆச்சியும் அத்தானும் வந்திருந்தார்கள். தெரிந்த கடையிலிருந்து தராசு வாங்கி வந்து பட்டாலையில் வைத்து எல்லாக் காசையும் நிறுத்தோம். அப்பச்சி நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்கள்.

1918 ‘ஐ’: 7.98, தண்ணீரில் 0.45. சரி.
15 ரூபாய்: 7.97, தண்ணீரில் 0.45. சரி.
வளையமில்லாத மற்ற ஐந்தில் நான்கு சரி.

ஐந்தாவது காசு 1911 என்று இருக்கிறது. எடை 7.98. தண்ணீரில் 0.51. மூன்று முறை பார்த்தோம், அதேதான். 15.6தான் வருகிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மற்றதைவிட ஒரு நூல் தடிமன். எழுத்துகள் கொஞ்சம் மழுங்கல். அப்பச்சி முகம் வாடிவிட்டது, “ஆத்தா வைத்திருந்த காசிலா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சீட்டுக் குலுக்கியிருந்தால் இது எங்கள் மூவரில் ஒருவர் கைக்குப் போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. பவுன் பவுன்தான் என்று சொன்ன ஆச்சிதான் முதலில் தராசைப் பார்த்து அமைதியானார்கள்.

உரைகல்

அப்பச்சியிடம் ஒன்று சொல்லுங்கள். 15.6 என்றால் ஏறக்குறைய 18 கேரட். அந்தக் காலத்தில் மாலைக்கு ஒரு காசு குறைந்தால் பத்தர்களே அச்சு எடுத்துக் காசு போட்டுக் கொடுப்பது உண்டு, ஜோடி சேர வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் கேட்டுத்தான் செய்வார்கள். பிறகு கோக்காமல் விட்டிருக்கலாம். யாரும் அப்பத்தாவை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டு வருந்த வேண்டாம். 18 கேரட்டும் தங்கம்தான், எங்கேயும் போய்விடாது.

கோட்டையூர்_மருமகள்

ஒரு கேள்வி. விலை விலை என்று பேசுகிறோம், பர்மாவிலிருந்து 1942இல் நடந்து வந்தவர்கள் எத்தனை பேர் இடுப்பில் முடிந்து கொண்டுவந்த காசுகள் இவை. எந்தக் கிரேடிலும் அதற்கு எண் இல்லையே. வளையம் வைத்த 15 காசையும் ‘பழுது’ என்று ஒதுக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வளையம் அப்பத்தா கழுத்தில் கிடந்ததற்குச் சாட்சி.

வராகன்70

மருமகளே, நீங்கள் சொல்வது எனக்கும் சரியாகவே படுகிறது. சேகரிப்பவன் ‘பழுது’ என்பது அவன் சந்தைக்கான வார்த்தை, உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. அதனால்தான் அந்த 15ஐ விற்காதீர்கள், அதே காசுமாலையாகவே வைத்திருங்கள் என்பேன், விற்றால் வெறும் உருக்கு விலைதான் கிடைக்கும், உருக்கிவிட்டால் திரும்ப வராது. ஆனால் பங்கு என்று உட்காரும்போது ஒருவர் கைக்கு அதிகமும் ஒருவர் கைக்குக் குறைவும் போகக் கூடாது, அங்கே தராசும் வேண்டும், நிலையைப் பார்க்கும் கண்ணும் வேண்டும். இரண்டு காசைத் தனியாக எடுத்துவிட்டால் மீதிக்கு அப்பச்சியின் பழைய கணக்கே போதும்.

பள்ளத்தூர்_முகப்பு

முடிந்தது, சொல்லிவிடுகிறேன்.

22இல் 1911ஐ எடுத்துவிட்டோம். 1918 ‘ஐ’யும் 15 ரூபாயும் தனி. மீதி 19. வளையம் உள்ளதைத் தேய்மானம் பார்த்து, எடை ஏறக்குறைய சமமாக வரும்படி ஆளுக்கு 6 என்று மூன்று குவியலாகப் பிரித்து, அப்புறம் ஆச்சி ஆசைப்படி சீட்டுக் குலுக்கினோம். ஒன்று பிள்ளையார்பட்டிக்கு, அதற்குத் தேய்மானம் இல்லாத நல்ல காசாக அப்பச்சியே பொறுக்கி எடுத்தார்கள்.

அந்த இரண்டையும் விற்க ஆச்சிக்கு மனம் வரவில்லை. சென்னையில் இரண்டு இடத்தில் நேரில் காட்டி விலை கேட்டு, அதில் கூடுதலாகச் சொன்ன தொகையை வைத்து எனக்கும் தம்பிக்கும் பங்குப் பணம் கொடுத்துவிட்டு ஆச்சியே வைத்துக்கொள்கிறார்கள். 15 ரூபாய்க் காசுக்கு இவ்வளவு சொல்வார்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை, இரண்டு இடத்திலும் முதலில் அதைத்தான் கையில் எடுத்தார்கள், விளிம்பை மட்டும் பிடித்து. 1911 சம்புடத்திலேயே இருக்கிறது, அப்பச்சி ஒரு சீட்டில் எடையும் தண்ணீர்க் கணக்கும் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று: ஆச்சி அந்த இரண்டையும் எதில் வைக்கலாம்? பழைய மஞ்சள் துணியிலேயே முடியவா?

வராகன்70

துணி வேண்டாம், உராயும். சாதா பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், பிவிசி இருந்தால் நாளாவட்டத்தில் பச்சையாகப் பிசுபிசுப்பு கக்கும். காசின் அளவுக்கு வட்டமாக வரும் கெட்டி அக்ரிலிக் டப்பா, 22 மிமீ என்று கேட்டு வாங்குங்கள். போடும்போது விரல் விளிம்பில் மட்டும் படட்டும், கீழே ஒரு தலையணை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்தால் விளிம்பு நசுங்கிவிடும்.

பள்ளத்தூர்_முகப்பு

சரி அண்ணே. ஆச்சியிடம் சொல்கிறேன்.